கானுக்குள் போன புத்திமதி

பல் பிடுங்குகிறவரைக்கூட ஒருநாள் சனம் தேடிப் போகும். குப்பை போடாதீர்கள் என்று சொல்ல வருகிறவளை ஒருவரும் தேடுவதில்லை. தெரு வடிகானை மட்டக்களப்பில் நாங்கள் கான் என்போம். கானுக்குள் போடுவதெல்லாம் கடைசியில் வாவிக்குத்தான் போகிறது என்று வீதி வீதியாகச் சொல்வது மாநகர சபையில் என் உத்தியோகம். வீடு வீடாகப் போய் நல்லது சொல்லி, முகத்தில் அடித்தாற்போல் கதவடைப்பு வாங்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

கொடுத்த வாக்கு

என் பிரிவில் ஓர் ஒழுங்கை, குறுகலான சந்து. அதன் கான் வாவியில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் பூரணம் அக்காவின் வீட்டு வளவு. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத் தனியாகப் பிழைக்கிறவர். ஒவ்வொரு மாரி மழைக்கும் பொலித்தீனால் கான் அடைபட்டு, தண்ணீர் அவருடைய குசினிக்குள் ஏறும். மண் அடுப்பு கரைந்தால் பிழைப்பும் கரைந்தது.

புது உத்தியோக மிதப்பில் நான், "இந்த மாரிக்கு உங்கட குசினிக்குள்ள தண்ணி வராது அக்கா, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்கவே இல்லை. என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப இந்த முறை அடுப்பத் தூக்கி மேல வைக்க மாட்டன் புள்ள. உன்ட சொல்ல நம்பி இருக்கன்."

நானாவின் மூட்டைகள்

ஒழுங்கை முகப்பில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவரை, முஸ்லிம் அண்ணன் என்ற முறையில், நானா என்போம். ஊர் ஓட்டமாவடி. சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீற், சொப்பிங் பேக் எல்லாம் அவர் கடை வாசலிலிருந்து நேரே கானுக்குள். ஆமை பொலித்தீன் தின்னும் படத்தைக் காட்டி, குரலையும் கொஞ்சம் உயர்த்தினேன். நானா முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, ஒரு பிளேன்டீயும் ஊற்றித் தந்தார். பிறகு கடைக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே உரப்பைகளில் வாய் கட்டிய குப்பை மூட்டைகள், எங்கள் சபையின் ட்ரக்டருக்குக் காத்திருந்து காத்திருந்து புழுத்துப்போய் நின்றன. என் முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"கான் எந்த நாளும் வாயத் திறந்துதான் கிடக்கு தங்கச்சி. உங்கட ட்ரக்டர்தான் வாறல்ல."

வெறுங் கப்

களுவாஞ்சிக்குடியில் சொந்தக்காரப் பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. சாப்பாட்டுக்குப் பிறகு யோகட் வந்தது. தின்று முடித்த கப்புகளை எல்லோரும் மதிலுக்கு மேலால் கானுக்குள் எறிந்தார்கள். சடங்கு வீட்டில் உபதேசம் செய்தால் அம்மா என்னை உயிரோடு விடமாட்டார். ஆகவே வாயை மூடிக்கொண்டு என் கப்பைக் கைப்பைக்குள் திணித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பராக்குப் பார்த்த நேரம் அவர்களுடையதையும் திணித்தேன்.

படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். எழும்பிய அவசரத்தில் கைப்பை கவிழ்ந்து, கப்புகள் கமராக்காரரின் காலடி வரை உருண்டன. சடங்கு வீட்டு மாமி ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் தந்தபடி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"ஆசையெண்டா நல்லதா ரெண்டு யோகட் கட்டித் தருவன்தானே புள்ள, வெறுங் கப்ப ஏன் கொண்டு போறாய்?"

பெரியவர் வந்த நாள்

மாரிக்கு முன்னால் அந்த ஒழுங்கையில் ஒரு விழிப்புணர்வு நிகழ்வு வைத்தோம். பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்பதால், முதல் நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, "வீதியைச் சுத்தமாக வைத்திருங்கள்" என்று நானே அறிவித்துக்கொண்டு போனேன். எங்கள் சனத்துக்கு வாசல் கூட்டச் சொல்லித் தரவா வேண்டும்? விடிந்தும் விடியாமலும் ஒழுங்கை முழுக்க விளக்குமாற்றுச் சத்தமாம். நான் போனபோது வீதி பளிங்கு மாதிரி இருந்தது. கூட்டியது அத்தனையும் கானுக்குள் கிடந்தது. ஒரு வீட்டுக்கார அம்மா இடுப்பில் கைவைத்து, பெருமையோடு கேட்டார், "பாருங்க மிஸ், ரோட்டில ஒரு தும்பு கிடக்கா?"

'வாவியைக் காப்போம்' என்ற பிளாஸ்டிக் பெனரை, கான் வாவியில் விழும் இடத்து மதகுக் கம்பியில் கட்டினோம். அதிகாரியின் பெயர் தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம், அதனால் கலியாணப் பந்தல் அளவில் அடித்திருந்தார்கள். பேசினோம், கைதட்டினோம், படம் எடுத்தோம், வாகனத்தில் ஏறினோம். எங்கள் அலுவலகத்தில் பெனர் கட்டுவதற்கு ஆள் உண்டு, அவிழ்ப்பது யாருடைய வேலையும் இல்லை. அது அங்கேயே நிற்கிறதே என்று சாரதியிடம் சொன்னேன். சொன்னேனே தவிர இறங்கவில்லை.

"படம் எடுத்தாச்சு மிஸ், மறுகா என்ன? காத்து அவிழ்க்கும்."

மாரி

காற்றுத்தான் அவிழ்த்தது. மழை பிடித்து, வெள்ளம் என்று கேள்விப்பட்டதும் தன்னாமுனை வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பறந்தேன். ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். நானாவும் அயலவர்களும் மதகுக்குள் தடி விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்தது எங்கள் பெனர். மதகின் வாயை அடைத்துக்கொண்டு, அன்று கூட்டித் தள்ளிய குப்பை முழுவதையும் மடியில் வாங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. 'காப்போம்' என்ற எழுத்தில் மட்டும் சேறு படவில்லை. யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தண்ணீர் வடிந்த பிறகு பூரணம் அக்காவின் குசினிக்குப் போனேன். என்னை நம்பித் தூக்கி வைக்காத அடுப்பு கரைந்து வெறும் களிமண்ணாகக் கிடந்தது. இடியப்ப மாவும் பையோடு நனைந்திருந்தது. மன்னியுங்கள் என்றேன். வெட்கத்தில் தலையை நிமிர்த்த முடியவில்லை. அக்கா அந்தப் பெனரைக் கழுவிக் கொண்டுவந்து, ஒழுகிக்கொண்டிருந்த கூரைப் பக்கம் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பாராமலே மற்ற முனையை என்னிடம் நீட்டினார்.

"இறுக்கிக் கட்டு புள்ள. அண்டைக்குக் கட்டின மாதிரிக் கட்டாத."

வாவியைக் காக்கப் புறப்பட்ட என் உத்தியோகம் இதுவரை காத்தது ஒரு குசினிக் கூரையை மட்டும்தான், அதுவும் நான் அவிழ்க்காமல் விட்ட பெனரால்.