கருடனா பருந்தா, நடுவில் என் இடது கன்னம்

நம் முதியோர் வகுப்புப் பலகையில் இன்று நானே எழுதுகிறேன். மெதுவாகத்தான் வருகிறது, ஆனாலும் வருகிறது!

காலையில் சவரக் கடையில் வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்தில் சோப்பு நுரை. கழுத்தில் துணி கட்டியிருந்தது. எழ வழியில்லை.

அப்போது கடைக்காரர் வரதன் ஒரு புகைப்படத்தை நீட்டினார். கோபுரத்துக்கு மேலே பறந்ததை அவர் மச்சான் எடுத்தாராம். வெயிலுக்கு எதிரே எடுத்ததால் பறவை முழுவதும் கறுப்பு.

“கருடன், நைனா. கண்ணாடி போட்டு மாட்டப் போறேன். கன்னத்துல போட்டுக்கோ.”

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். “பருந்துபா அது. பருந்துக்கா கன்னத்துல போட்டுக்கினு இருப்பாங்க?”

“நைனா சொல்லட்டும்!” கத்தி என் தொண்டையருகே நின்றது.

உற்றுப் பார்த்தேன். “வால் நடுவுல பிளந்திருக்குதே வரதா. கருடனுக்கு வட்டமா இருக்கும்பா.”

கத்தியை மடித்தார். “அப்போ மீதியப் பருந்தே வந்து செரைக்கட்டும்” என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒருவர் தொடங்கிய முகத்தை அடுத்த கடையில் தொட மாட்டார்களாம். மாலையில் என் பேத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

அது கருடன்தான் என்று வரதனிடம் சொல்லக்கூடியவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டு பலகையடியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.