நாய அவதானம்

இன்று காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி ஒருதரம் சிணுங்கி அடங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் அரசாங்கச் செய்தி. கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் கடும் மழை, இன்னின்ன வீதிகளில் மண்சரிவு அபாயம், வாகனங்கள் மாற்று வழியில் செல்லவும் என்று மூன்று மொழியிலும் வந்திருந்தது. தமிழில் ஒரு பிழை இல்லை. நம் நாட்டில் அரசாங்கத் தமிழில் பிழை இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இன்னொருதரம் தேடிப் பார்த்தேன். மண்சரிவு. எவ்வளவு சின்னச் சொல். இருபத்திரண்டு வயதில் அந்தச் சொல் என் கைக்கு வராமல் போன கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். சிரிப்பு வரும் இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தெஹியோவிட்டையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஒரு சின்ன டவுன். அப்பா அங்கே ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுப்பவர். பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை, தெஹியோவிட்டை வரை பெண் பிள்ளையை பஸ்ஸில் அனுப்ப அம்மாவுக்குப் பயம். அதனால் நான் முதல் வகுப்பிலிருந்து சிங்களப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அப்பா விரல் வைத்துக் காட்டிப் படித்தது. ஆக எனக்குச் சிங்களத்தில் கடிதம் எழுத வரும், தமிழில் சண்டை போட வரும். டவுனிலிருந்த உள்ளூராட்சி சபை அலுவலகத்துக்குத் தமிழ் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்றபோது, ஏ.எல்., அதாவது உயர்தரம் வரை படித்த தமிழ்ப் பெண் என்று நான் ஒருத்திதான் அகப்பட்டேன். தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் புதுப்பிப்பார்கள். அந்தக் கடிதம் வருகிற வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள்.

அலுவலகம் முழுக்க ரோனியோ மையும் ஈரக் காகிதமும் கலந்த ஒரு வாசனை. மழைக்காலத்தில் ஃபைல்கள் பூஞ்சணம் பிடித்து நாறும். ஆனால் கொய்யாக்காட்டு ஆட்கள் கவுண்டருக்கு வந்துவிட்டால் இந்த வாசனையெல்லாம் ஒதுங்கிப் போய்விடும். ரப்பர் தோட்டத்து ஆட்கள் எவ்வளவு குளித்தாலும் கையில் ஒட்டுப்பால் நாற்றம் போகாது. கொய்யாக்காடு என்பது நாங்கள் வைத்துக்கொண்ட பெயர். தோட்டத்துக்குச் சிங்களத்தில் வேறு பெயர் உண்டு. அதன் மேல் பிரிவு வரைக்கும் ஒரே ஒரு சிவப்பு பஸ் போய், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தடியில் திரும்பி வரும்.

அந்த மேல் பிரிவில்தான் சரோஜாக்கா இருந்தார். பால் வெட்டுகிறவர். மாதம் ஒருதரம் அப்பாவின் கடைக்கு வந்து, எதையும் வாங்குவதற்கு முன்னால் கவிதாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் அவருக்கு. கவிதா அவருடைய ஒரே மகள். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்து இடது கால் சூம்பிப்போன பிள்ளை. கெட்டிக்காரி. தெஹியோவிட்டைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வகுப்புக்கு வந்துவிட்டாள், அந்த லயத்தில் அதுவரை யாரும் அங்கே எட்டியதில்லை. அவள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கண்டக்டர் பெல் அடிப்பார். அந்த பஸ் இருந்ததால் அவள் படித்தாள், விஷயம் அவ்வளவுதான்.

ஒருநாள் கேகாலையிலிருந்து இன்ஜினியர் மாத்தயா வந்தார். மாத்தயா என்றால் நம் ஐயா மாதிரி. மேல் பிரிவுக்குப் போகும் வழியில் பலாமரத்து வளைவு என்று ஒன்று. அதற்கு மேலே மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, ஆள் நிறைந்த பஸ் அதிர்ந்து போனால் மண் இறங்கிவிடும் என்றார். அடுத்த மாதத்திலிருந்து பஸ் கீழே பாலத்தடியோடு திரும்ப வேண்டும். மேஜையில் வரைபடத்தை விரித்து இன்னொரு கோட்டையும் காட்டினார். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பழைய லொறிப் பாதை. காடு பிடித்துக் கிடந்தாலும் வெட்டித் திருத்தினால் பஸ் போகும். சனங்கள் எழுத்தில் கேட்டால் திட்டத்தில் சேர்க்கிறேன், பதினான்கு நாள் அவகாசம், கேட்காவிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை என்றார். பாலத்திலிருந்து வளைவு வழியாக நடந்து போகலாமா என்று நான் கேட்டேன். ஆள் என்ன பாரம் வரும், போகலாம் என்று சொல்லிவிட்டுப் பிளேன்டீயைக் குடித்தார்.

வளைவில் ஒரு பலகை, தோட்டத்தில் ஒட்ட ஓர் அறிவித்தல். சிங்களத்தில் தயார். தமிழ் என் பொறுப்பு.

சிங்களத்தில் இருந்தது ‘நாய யாமே அவதானம’. நாய யாம என்றால் மலை மண் பெயர்ந்து வருவது. அவதானம என்றால் அபாயம். வீட்டில் நாங்கள் ‘மண்ணு சரியுது’ என்போம். அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த கை நின்றுவிட்டது. அரசாங்கப் பலகையில் போய் மண்ணு சரியுது என்று எழுதுவதா? லயத்துப் பேச்சு மாதிரி இருக்காதா? ஏ.எல். படித்தவள் எழுதியது மாதிரி ஒரு கனமான சொல் வேண்டாமா? அலுவலகத்தில் தமிழ் அகராதி கிடையாது, கேட்கவும் ஆள் இல்லை. யோசித்து யோசித்துக் கடைசியில், நம் ஆட்களுக்கெல்லாம் சிங்களம் தண்ணீர்ப்பட்ட பாடுதானே என்று, சிங்களச் சொற்களையே தமிழ் எழுத்தில் எழுதி, தமிழ் மாதிரி இருக்கட்டும் என்று கடைசி எழுத்துக்கு மட்டும் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டேன். எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பலகை எழுதுகிறவர் சிங்களவர். தமிழ் எழுத்து அவருக்குக் கோலம்தான். பலகையில் இடம் போதவில்லை. வந்து, “மிஸ், மே மெத கேல்ல ஓனெத?” என்றார். நடுத் துண்டு வேண்டுமா என்கிறார். முன்னும் பின்னும் இருந்தால் விளங்கும், நடுவை விட்டுவிடுங்கள் என்றேன். மிச்சம் வந்தது ‘நாய அவதானம்’.

நம் தமிழில் அவதானம் என்றால் கவனம். எந்தத் தோட்டத்திலும் துரை பங்களாக் கேட்டில் ‘நாய் அவதானம்’ என்று தொங்கும். பிறந்ததிலிருந்து அந்தப் பலகையைப் பார்த்து வளர்ந்தவள் நான். இருந்தும் எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. அறிவித்தலிலும் அதையே போட்டேன்: ‘நாய அவதானம் காரணமாக பஸ் பாலத்தடியில் திரும்பும். மாற்று வழி தேவையானோர் பதினான்கு நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்கவும்.’

தோட்டத்துக் கடிதங்கள் தோட்ட ஆபீஸ் தபால் பையில் சேர்ந்து ஒன்றாகத்தான் டவுனுக்கு வரும். கடைசி நாள், வெள்ளிக்கிழமை பின்னேரம், ஒன்பது கடிதங்கள் ஒரே கட்டாக வந்தன. பெரிய கிளாக்கர் ஜயதிஸ்ஸ மாத்தயாவுக்கு ஒரே சந்தோஷம். நல்ல மனுஷன். தோட்டத்து ஆட்கள் எழுதிக் கேட்க மாட்டார்கள் என்று இன்ஜினியர் சொன்னதை நினைத்து நினைத்து அந்தப் பதினான்கு நாளும் கவலைப்பட்டவர். நான் பிரிக்கப் பிரிக்க நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

முதல் கடிதம்: ‘பஸ் வந்தால் நாய் பயந்து ஓடும். பஸ்ஸை நிறுத்தினால்தான் நாய் வரும். எனவே பஸ் வேண்டும்.’ இரண்டாவது: ‘மாற்று வழி என்னவென்றால், நாய்களுக்கு ஊசி போட வேண்டும்.’ மூன்றாவது, ஒரு நாய்க்காக பஸ்ஸை நிறுத்திய அரசாங்கத்தை எங்கள் பாட்டன் காலத்திலும் பார்த்ததில்லை என்று காரமாக எழுதியிருந்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான்காவது, கொப்பித் தாளில் குண்டு குண்டான எழுத்து. கவிதாவுடையது. ‘ஐயா, மற்றவர்கள் போல எனக்கு ஓட முடியாது. நாய் துரத்தினால் நான் என்ன செய்வேன். ஆகையால் பஸ் மேலே வர வேண்டும். நான் சோதனை எழுத வேண்டும்.’

“மொனவத கியன்னே?” என்றார் ஜயதிஸ்ஸ மாத்தயா. என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறார்.

“பல்லோ கென,” என்றேன். நாய்களைப் பற்றி.

அவர் என்னையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். நாய்த் தொல்லை என்றால் சுகாதாரப் பகுதிக்கு அனுப்புவோம் என்று ஒன்பதையும் ஒரு பக்கம் வைத்தார். லொறிப் பாதையை யாரும் கேட்கவில்லை என்று ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஃபைலை வாங்கிக்கொண்டு போக இன்ஜினியரின் டிரைவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பலகையில் ஏதோ பிழை போல இருக்கிறது என்று முனகினேன். திங்கட்கிழமை பார்ப்போம் மிஸ் என்றார். பிழை என்னுடையது, ஃபைலை நிறுத்துங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் வேலைக் கடிதத்தை அடுத்த வாரம் புதுப்பிக்க இருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஜீப் போய்விட்டது.

சனிக்கிழமை மேல் பிரிவுக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் பாதிப் பேர் கையில் கம்பு. பீலியடியில் சரோஜாக்கா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

“வா புள்ள. நாய் புடிக்க ஆளு வருதா?”

“அக்கா, அது நாய் இல்ல. சிங்களத்துல நாய யாம. மலை மண்ணு எறங்குறது.”

குடம் நிறைந்து வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“அந்த வளைவுல மண்ணு சரியுறத நாங்க தெனம் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம். மண்ணு சரியுதுன்னு எழுத ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும்க்கா.”

“பொறகு?”

உங்கள் பேச்சு பலகைக்குப் போதாது என்று நினைத்தேன் என்றா சொல்வது? கவிதா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“அக்கா, பலகையில ‘நாய’ன்னு புள்ளி விட்டுப் போச்சுன்னு நான்தான் கரித்துண்டால வச்சேன். அது தப்பாங்க?”

“இல்லம்மா. நீ வச்சது சரிதான்,” என்றேன்.

அன்றே உட்கார்ந்து லொறிப் பாதையைக் கேட்டுப் புதிதாக எழுதினார்கள். நானே சுமந்துகொண்டு வந்து திங்கட்கிழமை கொடுத்தேன். ஜயதிஸ்ஸ மாத்தயா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, காலம் கடந்துவிட்டதே என்றார். யார் பிழை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பாவம், ஒரு நீண்ட குறிப்பு எழுதித்தான் கேகாலைக்கு அனுப்பினார். அடுத்த திட்டத்தில் கவனிக்கப்படும் என்று இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆனால் சுகாதாரப் பகுதி ஒரு வாரத்திலேயே வேன் அனுப்பி, லயத்து நாய்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. தோட்டத்து மனு ஒன்று அவ்வளவு சீக்கிரம் நிறைவேறி நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

சொன்ன தேதியில் பஸ் பாலத்தடியோடு திரும்பியது. பாலத்திலிருந்து லயத்துக்கு ஒன்றரை மைல், அதுவும் ஏற்றம். சரோஜாக்கா காலையில் பெரட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும், பேர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்றைய வேலை இல்லை. கவிதா தனியாகத்தான் நடந்தாள். அந்த பஸ் டவுனைத் தாண்டும்போது நான் அலுவலக ஜன்னலுக்குப் போய்விடுவேன். முன் சீட்டில் அவளுடைய வெள்ளைச் சட்டை தெரிந்தால் வந்து உட்கார்ந்து வேலை பார்ப்பேன். மழை தொடங்கியபின் வளைவில் சேறு. ஒருநாள் சட்டையெல்லாம் மண்ணோடு போனாள். பிறகு வாரத்தில் மூன்று நாள் தெரிந்தாள். பிறகு ஒருநாள். பிறகு முன் சீட்டில் வேறு யாரோ.

ஜயதிஸ்ஸ மாத்தயாவிடம் போய்ச் சொன்னேன். “மம மொனவ கரன்னத மிஸ்?” என்றார். நான் என்ன செய்ய? டிப்போவில் கேட்டேன், கண்டக்டரிடம் கேட்டேன். எல்லோரும் நல்ல மாதிரித்தான் பேசினார்கள், எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எனக்கு வேலைக் கடிதம் புதுப்பித்து வந்தது. அடுத்த வருடம் நிரந்தரமும் ஆக்கினார்கள்.

ஒரு மழைக்காலத்தில், பட்டப்பகலில், வளைவு இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பலகையும் பலாமரமும் பாதையும் ஆற்றுக்குள் போயின. மேல் பிரிவு ஆட்களை ஃபேக்டரிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைகளில் கொண்டுவந்து வைத்தார்கள். லயத்தைக் காடு மூடிவிட்டது. பஸ் முகப்பில் மூன்று மொழியிலும் இருந்த கொய்யாக்காட்டுப் பெயரை அழித்துவிட்டு வேறு ஊர்ப் பெயரை எழுதினார்கள். ஜயதிஸ்ஸ மாத்தயா ஓய்வு பெற்று, கொஞ்ச காலத்தில் இறந்தும் போனார். அலுவலகத்தில் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க இருந்த ஒரே ஆளும் அப்படிப் போய்விட்டார்.

சரோஜாக்காவை ஒரே ஒருதரம் பார்த்தேன். யுத்தத்தின் கடைசிக் காலம், அவிசாவளை பஸ் ஸ்டாண்ட். எல்லோருடைய பையையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தவர் அவர்தான். கல்யாணமாகிக் கொழும்புப் பக்கம் போய்விட்டேன் என்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒட்டுப்பால் நாற்றம் இல்லை, வேலையை விட்டு வருஷமாகிறதாம்.

“கவிதா எப்படிங்க்கா இருக்குது?”

“வத்தளப் பக்கம் ஒரு வூட்டுல வேலைக்கு நிக்குது. வூட்டுக்கார நோனா நல்லவங்க. கால் வலிச்சா ஒக்காந்துக்கச் சொல்லுமாம்.” என் கையைத் தட்டிக்கொடுத்து, “படிச்சிருந்தா ஒன்னய மாதிரி ஆபீஸ்ல ஒக்காந்திருக்கும்,” என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. என்னைப் பெருமையாகப் பார்த்துத்தான் சொன்னார். அவருடைய பஸ் புறப்பட இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நான் அப்போது குடியிருந்ததும் வத்தளையில்தான். எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை.