இரண்டு நிமிடக் காற்று

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என்னை வீட்டில் சொல்வார்கள். சொன்னது பலித்த நாள் ஒன்று உண்டு. அன்று கெட்டது என் படிப்பல்ல, என் தோழியின் படிப்பு.

இருவரும் சென்னையில் ஒரே ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. நான் வேப்பம்பட்டிலிருந்து வருவேன், அவள் கும்மிடிப்பூண்டியிலிருந்து. அவள் படிகம் வளர்ப்பவள், நான் அளப்பவள். பொட்டாசியம், குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த படிகம். தலைமுடி கனத்தில் ஊசி ஊசியாக வரும். உள்ளே அணுக்கள் சங்கிலி சங்கிலியாக நிற்பதால் மின்சாரம் பெரும்பாலும் நீளவாக்கில்தான் ஓடும். கடுங்குளிரில் தடையே இல்லாமல் ஓடும். பாடப்புத்தகக் கணக்குப்படி அந்த மீகடத்தலை அழித்துவிட வேண்டிய காந்தப்புலத்திலும் அது அழியாது. ஏன் என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

அந்த ஊசியில் காற்று பட்டால் தீர்ந்தது. ஆர்கான் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், தடித்த ரப்பர் கையுறையோடுதான் வெள்ளிப் பசையால் கம்பி ஒட்ட வேண்டும். அன்று நாலு முறை கம்பி நழுவியது. எனக்கோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ‘சனியனே’ என்று திட்டிவிட்டு, இரண்டு நிமிடம்தானே என்று ஊசியை வெளியே எடுத்து ஒட்டினேன்.

மறுநாள் எவ்வளவு குளிர்வித்தும் மின்தடை பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். பேராசிரியர் கேட்டபோது, “படிகமே சரியில்ல சார்” என்றேன். வாய் கூசவில்லை. அவள் வளர்த்த அத்தனை ஊசிகளையும் அவர் கழித்துக்கட்டச் சொன்னார்.

“இன்னாடி, என் கையே ராசியில்லியா?” என்று அவள் என்னிடமே கேட்டாள். மறுபடி வளர்த்தாள்; உலையில் குழாய் வெடித்தது. மகளின் கைராசிக்காக அவள் அம்மா பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றினார். பாவி நான், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடம் போராடிவிட்டு அவள் படிப்பை விட்டாள். இப்போது ஊரிலேயே, சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் தரம் பார்க்கிறாள்.

சென்ற மாதம் எனக்குப் பட்டம் கிடைத்தது. சொல்லியே தீர்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் டீ போட உள்ளே போனாள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ ஒருத்திதான் கண்ணு, அன்னிக்கே உள்ளத உள்ளபடி சொன்ன. இல்லாங்காட்டி இன்னும் எத்தினி வருஷம் அத்தயே புடிச்சிக்கினு இருந்திருப்பாளோ.”

டீயோடு வந்தவள் சிரித்தாள். “நானும் அத்தத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன்” என்றாள்.

நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.