கிணற்றோரச் செடியும் வளைந்த சுவரும்

பழத்தை வாயில் போட்டதும் முதலில் தோல் வழுக்கிக்கொண்டு வரும். பிறகு நகக்கண் அளவே உள்ள சதை, இனிப்பென்று துணிந்து சொல்லிவிட முடியாத ஒரு மெல்லிய இனிப்போடு நாக்கில் கரைந்து, கடைசியில் கொஞ்சம் துவர்ப்பை விட்டுச்செல்லும். மிச்சமெல்லாம் கொட்டைதான். மிளகைவிடப் பெரிய, வெளிறிய, உருண்டையான அந்தக் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நானும் அக்காவும் கொல்லையில் அலைந்த பொழுதுகள் அநேகம். விரல்நுனியில் ஏறிய ஊதாக் கறை புரட்டாசி முழுக்கப் போகாது.

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் ஓசூரில் குடியிருந்த வீட்டின் கொல்லையில், கிணற்றுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே அந்தச் செடி நின்றது. யாரும் நட்டதில்லை, குருவி எச்சத்தில் விழுந்து முளைத்திருக்க வேண்டும். ஆடுகள் நுனியைக் கடித்துக் கடித்து, மேலே போக விடாமல் செய்ததால், பக்கவாட்டில் கிளைத்து ஆள் உயரப் புதராகியிருந்தது. எதிரெதிராக அமைந்த பளபளப்பான இலைகள், அடிப்புறம் சற்று வெளிறியவை. விரியும்போது வைக்கோல் நிறத்திலிருந்து பிறகு கருஞ்சிவப்பாக மாறும் வாசனையில்லாத சிறு பூக்கள். பச்சையிலிருந்து சிவந்து, கறுத்துப் பழுக்கும் பழங்கள். வீட்டில் அதற்குக் "கெணத்தோரச் செடி" என்று பெயர். அதற்குமேல் ஒரு பெயர் தேவைப்படும் என்று யாரும் நினைக்கவில்லை. நாங்கள் அதன் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்துப் பல்லாங்குழி ஆடினோம். புளியங்கொட்டையைவிட அவை குழிக்குள் அழகாக உருண்டு விழும்.

வீட்டின் ஒரு பாதியில் நாங்கள். மறு பாதியில் வீட்டுக்காரம்மா லட்சுமம்மாவும் அவருடைய ஒரே மகன் ராமுவும். கொல்லை இரண்டு குடும்பத்துக்கும் பொது. அப்பா பஸ் கம்பெனியில் செக்கர். மதிலுக்கு அந்தப் பக்கம் ருத்ரப்பா மாவு மில் வைத்திருந்தார், எல்லைக்கு அப்பால் மைசூர்ச் சீமையில் ஆனேக்கல் பக்கத்துக்காரர். லட்சுமம்மா வீட்டில் தெலுங்கு, ருத்ரப்பா வீட்டில் கன்னடம், எங்கள் வீட்டில் தமிழ்; கிணற்றடியில் மூன்றும் கலந்து ஒரே பேச்சாகிவிடும்.

அந்த வருஷம் ராமுவுக்குப் பேரிகை என்ற பக்கத்து ஊரில் பெண் முடிவாயிற்று. பெண்ணின் தகப்பனார் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சீர்வரிசை பற்றியெல்லாம் தாராளமாகப் பேசிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாராம்: பெண்ணுக்கென்று தனியாக ஓர் அறை. கூடமும் சமையல்கட்டும் மட்டுமே உள்ள வீட்டில் கல்யாணம் ஆனவர்கள் எங்கே படுப்பார்கள் என்பது நியாயமான கேள்விதான். அறை எழும்பட்டும், தை மாதத்தில் நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். லட்சுமம்மாவுக்கு அந்தச் சம்பந்தம் தவறிவிடக் கூடாது. இரண்டு இடங்கள் ஏற்கெனவே கைநழுவிப் போயிருந்தன.

மேஸ்திரி வந்தார். கூடத்துக்குப் பின்னால், கிணற்றுக்கும் எங்கள் சமையலறைச் சுவருக்கும் நடுவில், ஒரு முழம்கூட நகர்த்த இடமில்லாதபடி நூல் பிடித்து அளந்தார். நூல் நேராகப் போய்ச் செடியின் அடியில் முட்டியது. வெட்டிவிட்டுக் கடைக்கால் தோண்டலாம் என்று அவர் கத்தியைக் கேட்டபோதுதான் மதிலுக்கு மேல் ருத்ரப்பாவின் தலை தெரிந்தது.

"அக்கா, அதும்மேல கத்தி வைக்காதீங்க. அது ஸ்ரீகந்தம்."

சந்தனத்துக்குக் கன்னடத்தில் அதுதான் பேர். லட்சுமம்மா நம்பவில்லை. ஒரு கிளையை ஒடித்து மோந்தார், அம்மாவிடம் நீட்டினார், மேஸ்திரி பட்டையைச் சுரண்டி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். பச்சை வாசனை தவிர வேறொன்றுமில்லை.

"மூக்குக்குத் தெரியாத சந்தனமா இது?" என்றார் லட்சுமம்மா.

"உங்க மூக்கு மேல கேஸ் போட மாட்டாங்க அக்கா, உங்க மேலதான் போடுவாங்க."

வாசனை முற்றிய மரத்தின் வயிரத்தில்தான் இருக்கும், இளஞ்செடியில் இருக்காது என்று ருத்ரப்பா விளக்கினார். மைசூர்ச் சீமையில் சந்தனம் யாருடைய நிலத்தில் முளைத்தாலும் அது சர்க்கார் மரம். அவருடைய சொந்த மாமா வேலி அடைக்க இடைஞ்சலென்று தன் வயலில் நின்ற ஒன்றை வெட்டிவிட்டுக் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தவர். எல்லைக்கு இந்தப் பக்கம் சட்டம் வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி வேறு என்பதுதான் யாருக்கும் தெரியாது.

"அது உங்க பக்கம் ருத்ரப்பா. இது எங்க பக்கம்."

"இன்னும் எத்தினி நாளைக்கு? மொதல்ல பிரிச்சு முடிக்கட்டும், அப்பறம் சொல்லுங்க."

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஓசூர் யாருக்குப் போகும் என்று டீக்கடைகளில் தினமும் வாதம். லட்சுமம்மா சிரிக்கவில்லை. மேஸ்திரியை மறுநாள் வரச் சொன்னார்; மறுநாளும் வேலை நடக்கவில்லை. தெருவில் சந்தனம் இழைக்காத வீடு ஒன்றுகூட இல்லை, ஆனால் எல்லோருக்கும் அது கட்டையாகத்தான் பழக்கம். இலையும் பூவுமாக அதைப் பார்த்தவர் ருத்ரப்பா ஒருவர்தான், அவரோ விளையாட்டுப் பேச்சுக்காரர் என்று பெயரெடுத்தவர்.

அப்பா ஒரு வழி சொன்னார். ருத்ரப்பாவின் ஊர்க் கோயிலில் சந்தேகத்துக்கு இடமில்லாத பெரிய சந்தனமரம் உண்டு. தனக்கு ஆனேக்கல் பஸ்ஸில் டியூட்டி விழும்போது போய்ப் பழம் பொறுக்கி வந்து ஒப்பிடலாம். அந்த வாரமே கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தார். முறத்தில் அந்தப் பழங்கள் ஒரு குவியல், நம் செடியின் பழங்கள் ஒரு குவியல். அளவு ஒன்று, நிறம் ஒன்று. பூ உதிர்ந்த இடத்தில், பழத்தின் உச்சியில், சிறு மோதிரம் போல ஒரு வளையத் தழும்பு இரண்டிலும் இருந்தது. அப்பா அதைச் சுட்டிக் காட்டினார்.

"கறுப்புப் பழம்னா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். களாவும் கறுப்பு, நாவலும் கறுப்பு," என்றார் லட்சுமம்மா.

பேச்சு மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தபோது அம்மா இரண்டு குவியலையும் எடுத்துப்போய்ச் சதையைப் பிசைந்து கழுவி, கொட்டைகளை மட்டும் ஒன்றாக முறத்தில் கொட்டிக்கொண்டு வந்தார்.

"கலந்துட்டேன். எது ஆனேக்கல்லு, எது நம்மளுதுன்னு இப்ப எனக்கே தெரியாது. ரெண்டும் வேறன்னா பிரிச்சுக் காட்டுங்க."

முதலில் எங்களைத்தான் உட்கார வைத்தார்கள். அந்தக் கொட்டைகளை எங்களைவிட அதிகம் கையாண்டவர்கள் அந்த வீட்டில் இல்லை. பல்லாங்குழியில் கண்ணை மூடிக்கொண்டே சொத்தைக் கொட்டையை விரலால் கண்டுபிடிப்பவள் அக்கா. அவள் ஒவ்வொன்றாக எடுத்து உருட்டினாள். நுனியில் மூன்று மெல்லிய வரம்புகள் கூடும் இடத்தை நகத்தால் தடவினாள். இரண்டை வலப்புறம் வைத்தாள், பிறகு அதில் ஒன்றை இடப்புறம் மாற்றினாள், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். நான் தொடக்கூட இல்லை. லட்சுமம்மா முறத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். வெயில் கிணற்றடியைத் தாண்டும்வரை அவர் உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவை வேறுவேறாக இருக்க வேண்டும் என்று அங்கே மிகவும் விரும்பியவர் அவர்தான்.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்வளவு பாத்ததில்ல," என்று கடைசியில் முறத்தைக் கீழே வைத்தார். "ஒண்ணுதான்."

வாதத்தில் ஜெயித்த ருத்ரப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. கல்யாணம் நின்றுவிடுமோ என்று அவருக்கும் கவலை. யாரும் பார்க்காதபோது செடி போய்விட்டால் தனக்கு எதுவும் தெரியாது என்று மதிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்பா காட்டிலாகா ஆபீசில் கேட்டுவிடலாம் என்றார்.

"கேட்டா பதில் சொல்லிடுவாங்க. வேணாம்," என்றார் லட்சுமம்மா. ருத்ரப்பாவுக்கும் பதில் வைத்திருந்தார்: "தெரியாம இருந்தப்ப வெட்டியிருப்பேன்பா. இப்ப எப்பிடி வெட்டறது? அதைப் பூசித்தானே அந்தப் பொண்ணை உள்ள கூப்பிடணும்."

அது பயமா, பக்தியா, இரண்டும் கலந்ததா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. மறுநாள் மேஸ்திரியிடம் அந்த மூலையில் மட்டும் சுவரை உள்ளுக்கு வாங்கிக் கட்டச் சொன்னார். இத்தனை வருஷ வேலையில் மருமகளுக்கு அறை கட்டிய மாமியார்களைப் பார்த்திருக்கிறேன், செடிக்கு இடம்விட்டுக் கட்டிய மாமியாரைப் பார்த்ததில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் நூலை மடக்கினார். கார்த்திகையில் ஓடு வேய்ந்தாயிற்று. பேரிகைக்காரர் வந்து பார்த்தார், மூலையைக் கவனித்தார், காரணத்தைக் கேட்டுவிட்டு, இவ்வளவு யோசிக்கிறவர்கள் வீட்டில் பெண்ணைக் கொடுக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

தையில் ரத்தினம்மா மருமகளாக வந்தார். கூடவே மாட்டுவண்டியில் அவருடைய சீர்க் கட்டிலும் வந்தது. தேக்கு, கடைசல் கால்கள். எப்படித் திருப்பினாலும் அது அந்த அறைக்குள் அடங்கவில்லை, உள்ளே நீண்டிருந்த சுவர் மூலை இடித்தது. கட்டிலை அறுக்கச் சம்மதிக்காமல், சுவரைத் தொடவும் விடாமல், லட்சுமம்மா அதை எங்கள் பகுதிக்குத் தள்ளிவிட்டார். அப்பாவுக்குக் கிருஷ்ணகிரிக்கு மாற்றல் வரும்வரை அந்தப் புதுமணக் கட்டிலில் படுத்தவர்கள் நானும் அக்காவும்தான். புது அறையிலிருந்து பாய் உதறும் சத்தம் காலையில் கேட்கும்.

சந்தனம் தன் வேரைப் பக்கத்துச் செடிகளின் வேரில் ஊன்றித்தான் உணவு எடுக்கும் என்று பல வருஷங்களுக்குப் பிறகு படித்தேன். எங்கள் கறிவேப்பிலை ஏன் எப்போதும் சோர்ந்தே நின்றது என்பது அப்போதுதான் விளங்கியது.

சென்ற ஆண்டு ஓசூர் போயிருந்தேன். ஆலைகளுக்குப் போகும் லாரிகளுக்காகச் சாலையை அகலப்படுத்தியதில் அந்த வரிசையே இல்லை. வீடு, கிணறு, மாவு மில் எதுவும் இல்லை. எண்பதைத் தாண்டிய ரத்தினம்மா பேரன் வீட்டு மாடியில் இருக்கிறார். செடி மரமாகி, முற்றி, ஒரு நாள் காலையில் அடிக்கட்டை மட்டும் மிஞ்சியிருந்ததாம். கொண்டுபோனது யாரென்று தெரியவில்லை. அதன் பிறகும் வீடு இடிபடும்வரை அந்தச் சுவர் அப்படியே இருந்தது என்றார். மரம் போனபின் நேராக்கியிருந்தால் கட்டிலாவது உள்ளே போயிருக்குமே என்று கேட்டேன்.

"மரத்துக்காக வளைச்சாங்க, சரி," என்றார் ரத்தினம்மா. "நிமித்தறது யாருக்காக?"