இடது தோளுக்கு ஒரு துவக்கு

சுட்டு முடித்த துவக்கை மடித்துத் திறந்தால் ஒரு வாசம் வரும். சீனவெடி கொளுத்திய வாசத்தில் கொஞ்சம் எண்ணெய் கலந்த மாதிரி... எழுபதுகளில், மெல்பேர்னில், எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளின் வாசம் அதுதான்.

துவக்கு, அதுதான் துப்பாக்கி, என்றதும் பயந்துவிடாதீர்கள் நண்பர்களே. ஒரு உயிரையும் நான் சுட்டதில்லை. களிமண்ணில் செய்த சின்னத் தட்டு ஒன்றைப் பொறியிலிருந்து வானத்துக்கு வீசுவார்கள். அது பறக்கும்போதே சுட்டு உடைக்க வேண்டும். அதற்குப் போய் ‘களிமண் புறா’ என்று பெயர் வைத்ததால் மனைவி கமலாவிடம் நான் பட்ட பாடு!

"புறாவையோ சுடப் போறியள்? வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற வீட்டிலை?"

ஒரு தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்த பிறகுதான் நம்பினாள்.

கல்யாணமாகி வந்த புதிது. என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த பொப், வெரிபீப் பக்கமிருந்த ஒரு காணிக்கு எங்களைக் கூட்டிப்போனான். வீடு வீடாக நிற்கிற இன்றைய வெரிபீ இல்லை அது. கம்பி வேலி, காய்ந்த புல், முகத்தில் அறைகிற காற்று.

அங்கேதான் எங்களுக்கு ஆட்கள் கிடைத்தார்கள். கிழமை முழுக்கக் கமலா வீட்டில் தனியே கிடப்பாள். தமிழ் கதைக்க அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால், பொப்பின் மனைவி மார்கரட்டோடு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷில் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளை அப்படிப் பார்ப்பதற்காகவே நான் போனேன் என்றும் சொல்லலாம்.

ஆனால் என் பாடு?

ஒரு தட்டும் விழவில்லை. பொப்பின் துவக்கை இரவல் வாங்கி, கிழமைக்குக் கிழமை வானத்தைச் சுட்டேன். "பாட் லக், மேட்" என்று முதுகில் தட்டுவார்கள். பகிடி பண்ணியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த அனுதாபம்தான் தாங்க முடியவில்லை.

"சொந்தமா ஒண்டு வாங்கிப் பாக்கிறன். அதிலையும் சரிவராட்டி இனி அங்கை போறேல்லை" என்று காரில் வரும்போது சொன்னேன்.

கமலா வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை கடைக்கு அவளும் வெளிக்கிட்டாள். சேலை கட்டி, பொட்டு வைத்து... துவக்குக் கடைக்கு!

உள்ளே போனதும் ஒன்றில் என் கண் ஒட்டிக்கொண்டது. பக்கம் பக்கமாக இரண்டு குழல், மினுங்குகிற மரப்பிடி, இரும்பில் தாரா வாத்து இரண்டு செதுக்கியிருந்தது.

"என்னைப் பொம்பிளை பாக்க வரேக்கையும் இப்பிடிப் பாக்கேல்லை" என்றாள் கமலா.

கடைக்காரர் ஒரு வழி சொல்லித் தந்தார். கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வை, பிறகு கண்ணைத் திற. நீ பார்க்கிற இடத்தைக் குழலும் பார்த்தால் அது உனக்குச் சரியான துவக்கு.

திறந்தேன். நான் ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம். இன்னொன்று தந்தார். பிறகு இன்னொன்று. எல்லாம் அதே கதை.

"நீ வலக்கைக்காரன்தானே?" என்று கேட்டார்.

"ஓஃப் கோர்ஸ்" என்றேன். எழுதுவது, சாப்பிடுவது, கடையில் காசு நீட்டுவது எல்லாம் வலக்கைதானே.

"இஞ்சருங்கோ, அந்தாளுக்குப் பொய் சொல்லாதேங்கோ" என்று பின்னாலிருந்து கமலா.

"என்ன பொய்?"

"மீன் ரின் வெட்டுறது எந்தக் கையாலை? சுத்தியல் பிடிக்கிறது எந்தக் கையாலை? பட்டன் தைக்க ஊசியிலை நூல் கோக்கேக்கை எந்தக் கண்ணை மூடுறனீங்கள்?"

யோசித்துப் பார்த்தேன். வலது கண்ணைத்தான். பார்ப்பது இடது கண்ணால்.

சின்ன வயதில் அம்மா என் இடக்கையில் தட்டித் தட்டியே சோற்றையும் பேனையையும் வலக்கைக்கு மாற்றினவர். இடக்கையால் ஒன்றை நீட்டினால் மரியாதை இல்லை என்று வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஆனால் கண்ணை அம்மாவால் மாற்ற முடியவில்லை. யாரும் கவனிக்காத வேலைகளில் கையும் தன்பாட்டுக்கு இடதாகவே இருந்திருக்கிறது. எனக்கே தெரியாததைக் கமலா குசினியில் நின்று பார்த்து வைத்திருக்கிறாள்.

அவளே கடைக்காரரிடம் சொன்னாள்: "ஹீ இஸ் லெஃப்ட். மதர் சேஞ்ச்."

மனிதர் விழித்தார். பிறகு விளங்கிச் சிரித்தார். தாரா போட்டதன் பிடி வலது தோளுக்கென்று வளைத்துச் செய்தது, உனக்குச் சரிவராது என்றார். உள்ளேயிருந்து வேறொன்று கொண்டுவந்தார். ஒன்றின் மேல் ஒன்றாகக் குழல், நேரான பிடி, அங்கங்கே கீறல்.

அதை இடது தோளில் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. கல்யாணப் பந்தியில் இடக்கையால் சோறு அள்ளுகிற மாதிரி ஒரு கூச்சம். கண்ணை மூடித் திறந்தேன்... சுவர் மணிக்கூட்டின் நட்டநடுவில் நின்றது குழல்!

அப்போதும் தாராவைத் திரும்பிப் பார்த்தேன்.

"வடிவு வேணுமோ, தட்டு விழவேணுமோ?" என்றாள்.

கீறல் விழுந்ததை வாங்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த ஞாயிறு முதல் தட்டு தப்பிவிட்டது. இரண்டாவது தூள் தூளாய்ப் போனது. கமலா துள்ளின துள்ளலில் மார்கரட்டின் பாவாடையெல்லாம் தேத்தண்ணீர். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல... அதன்பிறகு எத்தனையோ வருசம் அந்தக் காணிக்குப் போனோம்.

இப்போது முழங்கால் விடுவதில்லை. துவக்கைப் பொலிசில் முறைப்படி ஒப்படைத்தாயிற்று. ஞாயிறுகளில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகிறோம். அங்கே தமிழ் ஆட்களோடு கதைக்கிற கமலாவைப் பிரித்தெடுத்து வீட்டுக்குக் கூட்டிவருவதுதான் இப்போது பெரும்பாடு.

போன கிழமை எங்கள் பேத்தி இடக்கையால் சோறு அள்ளினாள்.

"பிள்ளை, சோத்துக்கு மட்டும் வலக்கை" என்றாள் கமலா.

"வொய், அம்மம்மா?"

கமலா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஒண்டுமில்லை... அந்தக் கையாலையே சாப்பிடு" என்று சொல்லி, அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.