லூயிஸ் கிராணி வாய் மூடிய நான்கு நாள்

பெக்கோக் ரப்பர் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்த லூயிஸ் கிராணி இருபத்தெட்டு வருஷம் பார்த்த உத்தியோகம் மன்னிப்புக் கேட்பது. மழையில் ரப்பர் பால் கெட்டால் துரையிடம் கேட்பார். துரை கத்தினார் என்று கூலிகளிடமும் கேட்பார். களைத்துப்போய் 1934-இல் வேலையை விட்டு, பத்து பாகாட் என்ற ஊரின் கடலோரத்தில் ஒரு பலகை வீட்டை வாங்கி, பின்கட்டில் தாம் குடியிருந்துகொண்டு, முன்கட்டை விடுமுறைக்கு வரும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்.

விருந்தாளி யாராவது விழுந்து வழக்குப் போட்டால் வீடே போய்விடும் என்று மனைவி பியாட்ரிஸ் பயந்தாள். ஆகவே ஐயாசாமி என்ற ஏஜெண்டிடம் இன்ஷூரன்ஸ் எடுத்தார். அடிபட்டவருக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும். ஒரு நிபந்தனை: வீட்டுக்காரர் தம் தவறென்று ஒப்புக்கொள்ளவே கூடாது.

"மன்னிச்சிடுங்கன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, பாலிசி செத்துச்சு," என்றார் ஐயாசாமி. "வாய மூடிக்கிட்டு இருந்தா போதும் லா."

இருபத்தெட்டு வருஷச் சேவைக்கு இப்படியொரு வெகுமதி கிராணிக்குக் கிடைத்ததேயில்லை.

டிசம்பரில் வாசல் மரப்படி ஒன்று முறிந்து, சிங்கப்பூர் ஜவுளிக்கடைக்காரர் செல்லப்பனுக்குக் கணுக்கால் சுளுக்கியது. கிராணி ஓடிவந்தார். வாய் தானாகத் திறந்தது. கைக்குட்டையை அதில் திணித்துக்கொண்டார். அதன்பின் மூன்று நாள், விருந்தாளியைக் கண்டால் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். தைலம் கொண்டுபோன பியாட்ரிஸுக்கும் பேசத் தடை உத்தரவு.

நாலாம் நாள் செல்லப்பன் வெடித்தார்.

"என்னா மனுசன் நீங்க! கால் போனா போவுது. எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? கம்பத்துத் தெரு நாய்கூட வந்து பாத்துட்டுப் போச்சு! வக்கீல் நோட்டீசு வருது, இருங்க. இந்த வீட்டுல நீங்க எப்படிக் குடியிருக்கீங்கன்னு பாக்கிறேன்."

கிராணி மிச்சமிருந்த படியில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்பதைவிடக் கேட்காமலிருப்பது பெரிய வேலையாக இருந்தது. இந்த வயதில் முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க முதலாளி. படி உளுத்துப் போனது எனக்குத் தெரியும். என் தப்புதான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா? சரி, அம்மாவ தேத்தண்ணி போடச் சொல்லுங்க."

வழக்கு அங்கேயே செத்தது. கிராணியின் நல்ல குணத்தைச் செல்லப்பன் ஊரெல்லாம் புகழ்ந்தார். புகழ் கம்பெனியின் காதையும் எட்டியது. ஜனவரியில் ஐயாசாமி சைக்கிளில் வந்து, பாலிசியை ரத்து செய்த கடிதத்தை நீட்டினார்.

"அலமாக், கிராணி! உங்களால எனக்கும் கெட்ட பேரு."

புதுப் படிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த லூயிஸ் கிராணி சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மன்னிச்சிடுங்க," என்றார்.