கழுவிக் கெடுத்த கூரை

அவள் கைபட்ட கூரைத் துணி தொங்கியதாகச் சரித்திரமே இல்லை. பதினோரு வருடமாகக் கார்களுக்கு உள்வேலை பார்க்கிறாள். இருக்கை உறை, கதவு அட்டை, தலைக்கு மேலே ஒட்டும் துணி எல்லாம் அவள் பொறுப்பு. துணிக்கு அடியிலிருக்கும் பழைய நுரைப் பஞ்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் துணியை ஒட்டி அனுப்பும் கடைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சுளிப்பாள். "குளிக்காத உடம்புக்கு சென்ட் அடிக்கிற பொழப்பு" என்பாள்.

அப்படிப்பட்டவளின் புருஷன் காரிலேயே கூரை தொங்கியது. இரண்டு வருடத்துக்கு முன் அவளே ஒட்டிய கிரீம் நிறத் துணி, ஓட்டுபவர் தலைக்கு மேல் மாட்டின் மடி மாதிரி இறங்கி நின்றது. அதில் நாலு குண்டூசி வேறு குத்தி வைத்திருந்தார் அந்த மனுஷர்.

"உனக்கு ஏன் சிரமம்? வேற கடையில குடுத்துடறேன்" என்றார்.

"என் வேலைய இன்னொருத்தன் பிரிச்சுப் பாக்கறதா? அதுக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம்."

இரண்டு வாரமாக அவளுக்கு அதே யோசனைதான். பசை காயும் முன்பே துணியை அமுக்கிவிட்டோமா? ஓரத்தில் ஒரு பூச்சு குறைந்ததா? எங்கே தப்பு நடந்தது?

சனிக்கிழமை காலை காரை ஷெட்டுக்குள் விடச் சொன்னாள். வெயில் மறைப்பு, கைப்பிடிகள், விளக்கு, கதவோரத் தூண்களை மூடும் அட்டைகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, திருகாணிகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டாள். துணி ஒட்டியிருக்கும் கூரை அட்டை பெரியது, ஒற்றை ஆளாக எடுத்தால் மடிந்துவிடும். ஷெட்டில் கூடமாட உதவும் அவள் அண்ணன் ஒரு பக்கம் பிடிக்க, பின்கதவு வழியாக உருவி எடுத்து மேசையில் கிடத்தினார்கள்.

துணியைப் பிடித்து இழுத்தாள். நுரை மஞ்சள் மாவாக உதிர்ந்து, பிசுபிசுவென்று விரலில் அப்பிக்கொண்டது. குப்பென்று ஒரு வாடை.

"என்னம்மா, எலி கிலி செத்துக் கிடக்கா?" என்றார் அண்ணன்.

அவள் துணியை வெளிச்சத்தில் விரித்தாள். தொங்கிய இடத்தைச் சுற்றி, தண்ணீர் காய்ந்த வளையம் ஒன்று தெரிந்தது. யாரோ சோப்புத் தண்ணீர் போட்டு அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். கூரைத் துணியை நனைத்தால் நுரை ஊறிப் பசை விட்டுப்போகும். அவள் வேலையில் பழுதில்லை. அந்த நிம்மதி அரை நிமிடம்கூட நிற்கவில்லை. தேய்த்தது புருஷன்தான் என்றால், எதற்காகத் தேய்த்தார்?

துணியின் பின்சீட்டுப் பகுதியைப் பார்த்தாள். கைப்பிடி மூடியிருந்த இடம் மட்டும் புதுசு மாதிரி வெளுத்திருந்தது. அதைச் சுற்றிலும் புகையிலைப் பழுப்பு. கூரையிலேயே கருத்த இடம் அதுதான். அதன் நேர் கீழேதான் அவளுடைய ஆறு வயது மகளின் சின்ன இருக்கை.

மகளுக்கு மூச்சிழுப்பு. மாதம் தவறாமல் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்பார்: "வீட்ல யாராவது சிகரெட் பிடிக்கறாங்களா?" இவளும் மார்தட்டாத குறையாகச் சொல்வாள்: "இல்ல டாக்டர். அவர் விட்டு மூணு வருஷம் ஆச்சு."

புருஷனைக் கூப்பிட்டாள். "இது என்ன?"

"தூசி. ரோட்டுல பறக்குதுல்ல?"

"மோந்து பாருங்க."

அவர் குனியவில்லை. "ஆபீஸ் ஆளுங்க ஏறுவாங்க. வேணாம்னு மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது?"

"ஆபீஸ் ஆளுங்க உங்க மடியிலயா உக்காந்து வர்றாங்க? பக்கத்து சீட்டுக்கு மேல துணி பளிச்சுனு இருக்கு. உங்க தலைக்கு மேலதான் தேய்ச்சிருக்கு."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"கண்ணாடிய இறக்கிவிட்டுத்தான் பிடிப்பேன்" என்றார் புருஷன். "புகை வெளிய போயிடும். பாப்பாவ ஸ்கூல்ல இறக்கின பிறகுதான், சத்தியமா."

"வெளிய போயிடுச்சா? காத்து எல்லாத்தையும் பின்னாடி தள்ளியிருக்கு. இங்க வந்து பாருங்க, உங்க பொண்ணு தலைக்கு மேல."

"மாப்பிள்ள, குழந்தை விஷயம்" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார்.

"நீ சும்மா இருண்ணே. ரெண்டு வாரமா என் வேலையில என்ன குத்தம்னு மண்டைய ஒடைச்சுக்கிட்டேன். இவர் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தார். டாக்டர்கிட்ட என் வாயாலயே பொய் சொல்ல வச்சிட்டார்."

குழாயடிக்குப் போய்ச் சோப்பு போட்டுக் கை கழுவினாள். ஒருமுறைக்கு மூன்று முறை தேய்த்தும் நகக்கண்ணில் அந்த வாடை போகவில்லை. துண்டை நீட்டிய புருஷனின் விரல்களைப் பார்த்தாள். துண்டை வாங்காமல் புடவையிலேயே துடைத்துக்கொண்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமா?" என்றார் அவர், என்ன பேசுவதென்று தெரியாமல்.

"முடிச்சிடுவேன். என் ஷெட்டுக்குள்ள வந்த வண்டி தொங்கிக்கிட்டு வெளிய போகாது."

முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பழைய நுரையைப் பொடி மிச்சமில்லாமல் சுரண்டினாள். இரண்டு பூச்சுப் பசை அடித்தாள். அது பதமாகும்வரை காத்திருந்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருக்கமில்லாமல் நீவி ஒட்டினாள். எந்த ஓட்டுநரும் கேட்காத நிறத்தைத்தான் எடுத்திருந்தாள்: பால் வெள்ளை.

"சீக்கிரம் அழுக்காயிடுமேம்மா" என்றார் அண்ணன்.

"ஆகட்டும். எனக்குத் தெரியணும்."

பிறகு மகளின் சின்ன இருக்கையைக் கழற்றி ஷெட்டு மூலையில் வைத்தாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போனார்கள். டாக்டர் கேட்கும் முன்பே அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

ஆறு மாதமாகிறது. மாதம் ஒருமுறை கைப்பிடியைக் கழற்றி, அது மூடியிருந்த இடத்தையும் சுற்றியுள்ள துணியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். இதுவரை வித்தியாசமில்லை. மகள் இன்னும் பஸ்ஸில்தான் போகிறாள்.